ஆளில்லாத ஊரும் அரசரை வளைத்த குடும்பமும்

கிரீடமும் சபையும் – 14

சர் ராபர்ட் வால்போல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1742இல் அவர் வீழ்ந்தார். அந்த வீழ்ச்சியில் பங்குபெற்ற ஒரு குடும்பம் அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் லண்டன் அரசியலை ஆட்டிப்படைத்தது. ஒரு மன்னருக்குத் தீராத தலைவலியாக இருந்தது, இன்னொரு மன்னருக்குக் கேடயமாக நின்றது, நாட்டுக்கு இரண்டு பிரதமர்களைக் கொடுத்தது. அதுதான் பிட் குடும்பம். பழைய பிரபு வம்சங்களைப் போலப் போர்க்களத்திலோ அரண்மனையிலோ முளைத்த குடும்பமல்ல அது. அதன் செல்வம் சேர்ந்த இடம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை.

அந்தக் கதைக்குள் போகுமுன் ஒரு மேட்டைப் பார்த்துவிட வேண்டும். தென் இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் ஓல்ட் சாரம் என்ற குன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே அரசரின் கோட்டை இருந்தது, பேராலயம் இருந்தது, ஊரும் இருந்தது. 1220இல் கீழே சமவெளியில் புதிய பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். தண்ணீரும் வசதியும் இருந்த பக்கம் மக்கள் மெல்ல இறங்கிப் போனார்கள். பழைய கோட்டையின் கற்களைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது புல் மூடிய மண்மேடும் ஆடு மேய்ச்சலும்தான்.

ஊர் போய்விட்டது, உரிமை போகவில்லை. மக்கள் சபைக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் தகுதி ஓல்ட் சாரத்துக்கு இருந்தது. அதை யாரும் நீக்கவில்லை. வாக்குரிமை மனிதரைச் சேர்ந்ததாக இல்லாமல் குறிப்பிட்ட சில பழைய மனைக்கட்டுகளைச் சேர்ந்ததாக இருந்தது. மனையின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வாக்கு. அங்கே வீடு இருக்க வேண்டும் என்றோ, குடியிருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை.

தேர்தல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். நில உரிமையாளர் தேர்தலுக்கு முன் தனக்கு நம்பிக்கையான சிலர் பெயருக்கு மனைப் பத்திரங்களை மாற்றிக்கொடுப்பார். தேர்தல் நாளில் அவர்கள் வயல்வெளியில் ஓர் எல்ம் மரத்தடியில் கூடுவார்கள். ‘நாடாளுமன்ற மரம்’ என்றே அதற்குப் பெயர். அரசாணை வாசிக்கப்படும், உரிமையாளர் குறித்துக்கொடுத்த இரண்டு பெயர்களும் முன்மொழியப்படும், எதிர்ப்பேச்சு இராது. வேலை முடிந்ததும் பத்திரங்கள் பழையபடி உரிமையாளரிடம் திரும்பிவிடும். இதே காலத்தில் வளர்ந்துவந்த மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தங்களுக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லை.

இந்த மேட்டை 1691இல் விலைகொடுத்து வாங்கியவர் பெயர் தாமஸ் பிட்.

தாமஸ், டார்செட் மாவட்டத்துக் கிராமப் பாதிரியார் ஒருவரின் மகன். 1653இல் பிறந்தார். இளம் வயதிலேயே கப்பலேறி வங்கக் கடற்கரைக்கு வந்து, பாலசோரில் கடை விரித்தார். கீழைநாட்டு வணிகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை என்று அரச சாசனம் சொல்லியது. அதை மதிக்காமல் சொந்தக் கணக்கில் வாங்கி விற்றவர்களைக் கம்பெனி ஊடுருவிகள் என்று அழைத்து விரட்டியது. அவர்களில் முதல் வரிசையில் நின்றவர் தாமஸ் பிட். கம்பெனி அவரைப் பிடிக்கச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதியது. இங்கிலாந்து திரும்பியபோது வழக்குத் தொடுத்து 1,000 பவுண்டு அபராதம் வாங்கிக்கொடுத்தது. பிறகு அது குறைக்கப்பட்டது. தாமஸ் அதற்கெல்லாம் அசரவில்லை. வணிகத்தில் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார், ஓல்ட் சாரத்தை வாங்கினார், மக்கள் சபையிலும் போய் உட்கார்ந்தார். நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கை இருந்தால் கம்பெனி தன்னை முன்போல மிரட்ட முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதற்குள் கம்பெனிக்கே சோதனைக் காலம் வந்துவிட்டது. 1698இல் லண்டனில் ஒரு போட்டிக் கம்பெனிக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. பழைய கம்பெனி, தன்னால் அடக்க முடியாத ஆளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று முடிவுகட்டியது. அதே 1698இல் தாமஸ் பிட் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராகச் சென்னை வந்து இறங்கினார். போட்டிக் கம்பெனியின் சார்பில் மசூலிப்பட்டினத்தில் வந்து உட்கார்ந்தவரும் ஒரு பிட்தான்: தாமஸின் உறவினர் ஜான் பிட். இருவரும் கடிதங்களிலேயே கடுமையாக மோதிக்கொண்டார்கள்.

தாமஸ் பதினொரு ஆண்டுகள் சென்னையை ஆண்டார். 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் படையோடு வந்து சாந்தோம் பக்கம் பாளையமிறங்கி, நகரத்துக்கு வரும் பாதைகளை மறித்தார். சில மாதங்கள் சரக்கும் உணவும் உள்ளே வருவது தடைப்பட்டது. தாமஸ் கோட்டைச் சுவரைப் பலப்படுத்தினார், ஆட்களைத் திரட்டினார், கடைசியில் பணம் கொடுத்து முற்றுகையை விலக்கினார். 1708இல் அதே தாவூத் கானிடமிருந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்ற ஐந்து ஊர்களைக் கம்பெனிக்குப் பெற்றார். இன்றைய சென்னையின் வரைபடத்தில் அந்த ஆளுநரின் கைரேகை இப்படித்தான் பதிந்தது.

கம்பெனி வேலைக்காரர்கள் கடல் கடந்து வந்தது சம்பளத்துக்காக அல்ல. சொந்தக் கணக்கில் செய்த வணிகத்தில்தான் அவர்கள் பணம் சேர்த்தார்கள். சேர்த்த பணத்தை ஊருக்கு எடுத்துப்போக வைரம் நல்ல வழி. சிறிய பொதி, பெரிய மதிப்பு, லண்டனில் உடனே விலை போகும். மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் கப்பலில் சென்னைக்கு வரும். கோல்கொண்டா வட்டாரத்து வைரம் சென்னையிலிருந்து ஐரோப்பா போகும். இதற்காகவே போர்ச்சுகீசிய யூத வணிகர்கள் சென்னையில் வந்து தங்கினார்கள். மண்ணடியின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் பெயரை இன்றும் சுமக்கிறது.

தாமஸ் ஆளுநராகி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனபோது ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி அவரைப் பார்க்க வந்தார். உடன் வேங்கடச் செட்டி என்பவரும் வந்தார். அவர்கள் கொண்டுவந்து காட்டிய கல் பட்டை தீட்டப்படாதது. எடை சுமார் 305 மஞ்சாடி, கேரட் கணக்கில் 410. கேட்ட விலை இரண்டு லட்சம் வராகன். தாமஸ் கல்லைத் திரும்பக் கொடுத்துவிட்டார். வியாபாரி போனார், வந்தார், மறுபடி போனார். ஒவ்வொரு முறையும் விலை இறங்கியது. கடைசியில் 48,000 வராகனுக்குப் பேரம் படிந்தது. அன்றைய மதிப்பில் 20,400 பவுண்டு.

கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் ஓர் அடிமைத் தொழிலாளி தன் காலைக் கிழித்து அந்தக் கல்லை ஒளித்துக் கடத்திவந்தான், ஒரு கப்பல் தலைவன் அவனைக் கொன்று கல்லைப் பறித்தான் என்று ஒரு கதை பிற்காலத்தில் பரவியது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஆளுநர் அந்தக் கல்லை மிரட்டிப் பறித்தார் என்ற பேச்சு தாமஸ் இருந்தபோதே லண்டன் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. 1709இல் பதவியிழந்து ஊர் திரும்பும் வழியில், நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது, முறையாக விலை பேசித்தான் வாங்கினேன் என்று கடவுளைச் சாட்சியாக வைத்து அவர் ஓர் உறுதிமொழியே எழுதி வைத்தார். ஜாம்சந்தின் பெயரும் வேங்கடச் செட்டியின் பெயரும் நமக்குக் கிடைப்பது அந்தத் தாளிலிருந்துதான்.

கல் அதற்கு முன்பே, 1702இல், மூத்த மகன் ராபர்ட்டின் கையில் இங்கிலாந்து போய்விட்டது. லண்டனில் பட்டை தீட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 410 கேரட் 141 கேரட்டாகச் சுருங்கியது, ஒளியோ பன்மடங்கு பெருகியது. அவ்வளவு விலைகொடுக்க ஐரோப்பிய அரச குடும்பங்கள் தயங்கின. 1717இல் பிரான்சில் சிறுவன் பதினைந்தாம் லூயிக்குப் பதிலாக ஆட்சி நடத்திய ஆர்லியன்ஸ் டியூக் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ‘ரீஜன்ட் வைரம்’ என்ற பெயரில் அது இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர்களின் முடியில் ஏறி, பிறகு நெப்போலியனின் வாளிலும் பதிந்த கல் அது.

பிரெஞ்சு முடிக்கு அழகு சேர்த்த கல்லின் விலை பிரிட்டிஷ் முடிக்கு அருகில் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது. தாமஸ் கார்ன்வாலில் பொகானக் என்ற பெரிய பண்ணையை வாங்கினார், பெர்க்‌ஷயரில் மாளிகை வாங்கினார், தொகுதிகளில் செல்வாக்கை வாங்கினார். அவரும் அவருடைய மூன்று மகன்களும் வெவ்வேறு காலங்களில் மக்கள் சபையில் உட்கார்ந்தார்கள். மகள் லூசியை 1713இல் ஜேம்ஸ் ஸ்டான்ஹோப் என்ற தளபதி மணந்தார். சில ஆண்டுகளில் அந்த மருமகன் முதலாம் ஜார்ஜ் மன்னரின் முதன்மை அமைச்சரானார். கம்பெனி தேடிய ஊடுருவி, ஒரே தலைமுறையில் மன்னரின் முதன்மை அமைச்சருக்கு மாமனார் ஆகிவிட்டார்.

தாமஸ் 1726இல் இறந்தார், மகன் ராபர்ட் மறு ஆண்டே போய்விட்டார். குடும்பத்தில் சொத்துச் சண்டையும் வழக்கும் பல காலம் ஓடின. ராபர்ட்டின் மூத்த மகன் இன்னொரு தாமஸ். பண்ணையும் தொகுதிகளும் அவருக்குப் போயின. இளைய மகன் வில்லியமுக்குக் கிடைத்தது சொற்ப ஆண்டுத்தொகை. ஈட்டன் பள்ளியிலேயே கீல்வாத நோய் பிடித்த பையன் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடிக்காமல் குதிரைப்படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். 1734 பொதுத்தேர்தலில் அண்ணன் தாமஸ் இரண்டு தொகுதிகளில் தேர்வாகி ஓக்ஹாம்ப்டனை வைத்துக்கொண்டார். காலியான ஓல்ட் சாரத்தைத் தம்பிக்குக் கொடுத்தார். 1735இல், 26 வயதில், வில்லியம் பிட் மக்கள் சபைக்குள் நுழைந்தார்.

அந்த இளைஞர் உள்ளே போனதும் யார் பக்கம் நின்றார் என்பதுதான் முக்கியம். இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கும் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக்கும் ஜென்மப் பகை. வால்போலை வெறுத்தவர்கள் எல்லோரும் இளவரசரைச் சுற்றிக் கூடினார்கள். பிட் சகோதரர்களும் அங்கேதான் இருந்தார்கள். 1736இல் இளவரசரின் திருமணத்துக்கு வாழ்த்துச் சொல்லும் தீர்மானத்தில் வில்லியம் பேசினார். மன்னரைப் புகழ்வது போலத் தொடங்கிய அந்தப் பேச்சு மன்னரைச் சுட்டது. வால்போல் அவருடைய படைப் பதவியைப் பறித்தார். ஓர் இளநிலை அதிகாரியின் வேலையைப் பறிக்கும் அளவுக்கு அந்தப் பேச்சு உறுத்தியது என்பதே அவருக்கு விளம்பரமாகிவிட்டது. இளவரசர் தன் பரிவாரத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்.

தம்பி பேச்சால் அடித்தபோது அண்ணன் தொகுதிகளால் அடித்தார். கார்ன்வால் மாவட்டம் ஒன்று மட்டும் மக்கள் சபைக்கு 44 பேரை அனுப்பியது. அவர்களை அனுப்பியவை பெரும்பாலும் கைக்கடக்கமான சின்னஞ்சிறு ஊர்கள். இளவரசர் கார்ன்வாலின் டியூக் என்பதால் அங்கே அவருக்கு இயல்பான பிடி இருந்தது. 1741 தேர்தலில் அந்தப் பிடியை இளவரசருக்காக இயக்கியவர் பொகானக் பண்ணையின் தாமஸ் பிட். வால்போலின் ஆட்கள் அங்கே வரிசையாகத் தோற்றார்கள். ஸ்காட்லாந்திலும் அதே நேரம் அடி விழுந்தது. பெரும்பான்மை உருகிப்போய், 1742 பிப்ரவரியில் வால்போல் பதவி விலகினார். பண்ணைக்காரர்களின் கணக்குப் புத்தகம் மன்னரின் அமைச்சரவையையே கவிழ்க்கும் என்று அந்தத் தேர்தல் காட்டியது.

வால்போல் போனபின்னும் பிட்டுக்குப் பதவி வரவில்லை. காரணம், ஹானோவர். இரண்டாம் ஜார்ஜ் பிறந்து வளர்ந்தது ஜெர்மனியின் ஹானோவரில். பிரிட்டனின் முடியோடு அந்தச் சிறு நாட்டின் ஆட்சியும் அவர் கையில் இருந்தது. பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்தில் ஹானோவர் படைகளுக்குச் சம்பளம் போவதை பிட் 1742 டிசம்பரில் சபையில் கிழித்துத் தொங்கவிட்டார். இவ்வளவு பெரிய அரசு ஓர் அற்பச் சிற்றரசின் மாகாணம் போல நடத்தப்படுகிறது என்ற பொருளில் அவர் பேசினார். மன்னருக்கு அது தன் தாய்மண்ணை அவமதித்த பேச்சு. அதை அவர் மறக்கவே இல்லை. வயதான மார்ல்பரோ சீமாட்டி சாராவோ அதே பேச்சுக்காக மகிழ்ந்து, 1744இல் இறக்கும்போது 10,000 பவுண்டை பிட் பெயருக்கு எழுதி வைத்தார்.

1746 பிப்ரவரியில் ஒரு விசித்திரம் நடந்தது. அப்போது ஆட்சி ஹென்றி பெல்ஹாம், அவர் அண்ணன் நியூகாஸில் டியூக் ஆகிய இருவர் கையில் இருந்தது. பிட்டைப் போர்த்துறைச் செயலாளராக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். மன்னர் முடியாது என்றார். அவர்களுக்குத் தெரியாமல் வேறு ஆட்களை வைத்து அமைச்சரவை அமைக்கவும் பார்த்தார். ஸ்காட்லாந்தில் ஸ்டூவர்ட் வம்சத்துக் கலகம் இன்னும் அடங்காத நேரம் அது. பெல்ஹாம் சகோதரர்கள் பதவியை விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அமைச்சர்களும் அதிகாரிகளும் வரிசையாக முத்திரைகளைக் கொண்டுபோய் மன்னரிடம் ஒப்படைத்தார்கள். மன்னர் நம்பிய பாத், கிரான்வில் என்ற இரு பிரபுக்களாலும் ஆள் சேர்க்க முடியவில்லை. இரண்டே நாளில் மன்னர் இறங்கிவந்து பழைய அமைச்சர்களையே திரும்ப அழைத்தார். பிட்டுக்கும் பதவி கிடைத்தது. தினமும் மன்னரை நேரில் பார்க்க வேண்டிய போர்த்துறை மட்டும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் அவர் படைகளின் சம்பளப் பொறுப்பாளரானார்.

அந்த நாற்காலி பணம் கொழிக்கும் இடம். படைகளுக்கு ஒதுக்கிய பெருந்தொகை பொறுப்பாளரின் சொந்தக் கணக்கில் கிடக்கும். அதன் வட்டியை அவர் எடுத்துக்கொள்வது வழக்கம். வெளிநாட்டு மன்னர்களுக்குப் போகும் உதவித்தொகையிலும் ஒரு பங்கு வரும். பிட் இரண்டையும் தொடவில்லை. சம்பளம் மட்டும் போதும் என்றார். ஊழலே நடைமுறையாக இருந்த காலத்தில் அந்தச் செய்தி லண்டன் காபிக் கடைகளில் வேகமாகப் பரவியது. தாத்தா வைரத்தால் வாங்கியதைவிடப் பெரிய செல்வாக்கைப் பேரன் அந்தப் பணத்தைத் தொடாமல் இருந்தே சம்பாதித்தார்.

இதற்கிடையே குடும்பத்தின் வாசல் அவருக்கு மூடிக்கொண்டது. அண்ணன் தாமஸ் இன்னமும் இளவரசர் பக்கம். தம்பி இப்போது மன்னரின் அரசாங்கத்தில். 1747 தேர்தலில் ஓல்ட் சாரம் வில்லியமுக்கு இல்லை. நியூகாஸில் டியூக் தன் பிடியில் இருந்த சீஃபோர்டைக் கொடுத்தார். பிறகு ஆல்ட்பரோவைக் கொடுத்தார். பின்னாளில் பாத் நகரம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே வாக்களித்தவர்கள் நகராட்சி உறுப்பினர்கள் சுமார் 30 பேர். 1754இல் அவர் ஹெஸ்டர் கிரென்வில்லை மணந்தபோது அந்தக் குடும்பத்தின் தொகுதிகளும் துணைக்கு வந்தன. ‘மாபெரும் சாமானியர்’ என்று நாடு கொண்டாடிய இவர் வாழ்நாளில் உட்கார்ந்த தொகுதிகள் எல்லாமே ஒரு பிரபுவின், ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு சிறு குழுவின் பிடியில் இருந்தவை. மக்கள் அவரை நேசித்தார்கள்; அவருக்கு வாக்களிக்கத்தான் அவர்களுக்கு வழியில்லை.

வழியில்லாத மக்கள் வேறு வழி கண்டுபிடித்த ஆண்டு 1757. பிரான்சோடு போர் மூண்டு, மினோர்கா தீவு கைவிட்டுப் போயிருந்தது. மக்களின் கோபத்தைத் தாங்க முடியாமல் நியூகாஸில் விலக, 1756 இறுதியில் பிட் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். மினோர்காவைக் காக்கத் தவறிய கடற்படைத் தளபதி பிங்குக்கு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தது. பிட் மன்னரிடம் போய் கருணை கேட்டார். மக்கள் சபையும் கருணையையே விரும்புகிறது என்றார். மக்களின் மனத்தை மக்கள் சபைக்கு வெளியே தேட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தானே என்ற பொருளில் மன்னர் பதில் சொன்னார். பிங் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆத்திரத்தில் சொன்ன பதில்தான். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியலின் மையத்தை அந்த மன்னர் அன்று சரியாகத் தொட்டுவிட்டார்.

1757 ஏப்ரலில் மன்னர் பிட்டை வெளியே அனுப்பினார். சட்டப்படி அவருக்கு அந்த உரிமை இருந்தது. சபையிலும் பிட்டுக்கென்று பெரிய கட்சி எதுவும் இல்லை. ஆனால் லண்டன் மாநகரம் தங்கப் பேழையில் வைத்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. பாத் முதலான நகரங்களும் அதையே செய்தன. வாரக்கணக்கில் தங்கப் பேழைகள் வந்துகொண்டே இருந்தன. போர் நடக்கும் நாட்டில் கிட்டத்தட்ட மூன்று மாதங்கள் உருப்படியான அமைச்சரவை இல்லை. நியூகாஸிலிடம் தொகுதிகள் இருந்தன, நாட்டின் நம்பிக்கை இல்லை. பிட்டிடம் நம்பிக்கை இருந்தது, தொகுதிகள் இல்லை. ஜூன் இறுதியில் இரண்டும் கைகோத்தன: நியூகாஸில் சபையைப் பார்த்துக்கொள்வது, பிட் போரைப் பார்த்துக்கொள்வது. தான் பத்தாண்டுகளுக்கு மேல் வெறுத்த மனிதரிடம் மன்னர் போரை ஒப்படைத்தார். வால்போலை மக்கள்மேல் அமர்த்தியது அரண்மனை, பிட்டை அரண்மனைக்குள் அனுப்பியது மக்கள் என்ற பொருளில் அறிஞர் சாமுவேல் ஜான்சன் பின்னர் பேசியிருக்கிறார்.

அடுத்த நான்கு ஆண்டுப் போர் தமிழ் மண்ணையும் தொட்டது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தெரிந்ததும் முற்றுகை கலைந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை முறிந்தது. மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. தாத்தா தாவூத் கானிடமிருந்து காத்த கோட்டையைப் பேரனின் கடற்படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து காத்தது. கனடாவில் கியூபெக் விழுந்ததும் இதே 1759இல்தான். பிரிட்டன் கொண்டாடிய அந்த வெற்றிகளின் விலையை இங்கே கொடுத்தவர்கள் இரு படைகளும் மாறிமாறிச் சூறையாடிய ஆற்காட்டுச் சீமையின் உழவர்களும் நெசவாளர்களும். லண்டனில் அவர்கள் சார்பில் பேச யாரும் இல்லை.

1760இல் கிழ மன்னர் இறந்து, 22 வயதுப் பேரன் மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். அமைச்சர்களைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் புதிய மன்னர் உறுதியாக இருந்தார். 1761 அக்டோபரில், ஸ்பெயின் மீதும் போர் தொடுக்க வேண்டும் என்ற யோசனையைச் சக அமைச்சர்கள் ஏற்காததால் பிட் விலகினார். ஆண்டுக்கு 3,000 பவுண்டு ஓய்வூதியத்தையும் மனைவிக்குப் பிரபுப் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார். மக்களுக்குச் சற்று மனக்கசப்புதான். ஆனாலும் அடுத்த மாதம் லண்டன் மேயர் விழா ஊர்வலத்தில் மன்னரின் வண்டியைவிட பிட்டின் வண்டிக்குத்தான் ஆரவாரம் அதிகமாக எழுந்தது.

அந்த ஆரவாரத்தை நிறுத்தியது அவரேதான். 1766இல் மன்னர் அழைத்துப் பிரதமராக்கியபோது, பிட் மக்கள் சபையை விட்டு சாத்தம் ஏர்ல் என்ற பட்டத்தோடு பிரபுக்கள் சபைக்குப் போனார். அவர் பதவியேற்பைக் கொண்டாட லண்டனில் ஏற்பாடாகியிருந்த தீப அலங்காரம் கைவிடப்பட்டது. நோயும் மனச்சோர்வும் சேர்ந்து இரண்டே ஆண்டில் அவரைப் பதவியிலிருந்து இறக்கின.

ஆனால் பதவியில் இல்லாத காலங்களில்தான் அவர் தன் வாழ்வின் மிக முக்கியமான சில பேச்சுகளைப் பேசினார். 1766 ஜனவரியில், இன்னும் மக்கள் சபையில் இருந்தபோதே, ஆளில்லாத தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று கண்டித்திருந்தார். அது நூறாண்டு தாங்காது, தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1770 ஜனவரியில் பிரபுக்கள் சபையில் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். ஆசியாவின் செல்வம் வெள்ளம்போல் இங்கிலாந்துக்குள் பாய்கிறது, சொந்த ஊரோ நிலமோ பிணைப்போ இல்லாமல் அந்நியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர்கள் லஞ்சத்தால் நாடாளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டார்கள், பரம்பரைச் சொத்துக்காரர்களாலும் அவர்களோடு போட்டிபோட முடியவில்லை என்றார். தொகுதிகளின் அழுகலை ஈடுகட்ட மாவட்டங்களுக்குக் கூடுதல் உறுப்பினர்கள் வேண்டும் என்று கேட்டார்.

இதைச் சொன்னவர் சென்னை ஆளுநரின் பேரன். அவர் சபையில் முதலில் உட்கார்ந்த இருக்கை அந்த ஆசியச் செல்வத்தின் குடும்பச் சொத்து. இதை வைத்து அவரை வேடதாரி என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த வாசலின் அகலத்தையும் விலையையும் உள்ளே நுழைந்தவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? சம்பளப் பொறுப்பாளர் நாற்காலியில் பணத்தைத் தொடாத மனிதர் அவர். அவர் கண்டனத்தில் உண்மை இருந்தது.

ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்து, 1831-32இல் சீர்திருத்தச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, பழைய முறையைக் காத்தவர்கள் பிட்டின் பெயரையே கேடயமாகப் பிடித்தார்கள். அழுகிய தொகுதி இல்லாவிட்டால் இப்படிப்பட்ட மேதைகள் இளம் வயதில் சபைக்கு வந்திருப்பார்களா என்று கேட்டார்கள். இந்த வாதத்தை நாம் ஏற்கக் கூடாது. விலைக்கு வாங்கிய வாசல் வழியாக ஒரு பிட் வந்தார் என்றால், பதவியையும் ஒப்பந்தத்தையும் தேடியவர்கள் கூட்டம் கூட்டமாக அதே வாசலில் வந்தார்கள். சாத்தம் கண்டித்ததும் அந்தக் கூட்டத்தைத்தான். அவரை உயர்த்தியது ஓல்ட் சாரத்தின் பத்திரங்கள் அல்ல. சபைக்குள் அவரை நுழைத்தது பத்திரம். மன்னரை வளைத்தது வாக்கில்லாத மக்களின் குரல். அந்தக் குரலுக்குச் சட்டத்தில் இடமில்லாததால்தான், ஒரு குடும்பத்தின் தயவில் அது சபைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

1832இல் ஒழிக்கப்பட்ட 56 தொகுதிகளில் ஓல்ட் சாரமும் ஒன்று. சாத்தம் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1778 ஏப்ரல் 7ஆம் தேதி பிரபுக்கள் சபையில் அமெரிக்கப் போரைப் பற்றிப் பேச எழுந்தபோது மயங்கி விழுந்தார். மே 11ஆம் தேதி இறந்தார். பொதுப்பணத்தைத் தொடாதவர் விட்டுப்போன கடன் பெரிது; 20,000 பவுண்டை நாடாளுமன்றமே கட்டியது.

அவர் இறந்தபோது இரண்டாவது மகனுக்கு 18 வயது. ஐந்தே ஆண்டில், 24 வயதில், அந்த மகன் பிரதமர் ஆனார். அதற்கு வழி திறந்தது, இந்தியாவை யார் ஆள்வது என்ற மசோதா ஒன்று. அதை மக்கள் சபை பெரும்பான்மையோடு நிறைவேற்றியிருந்தது. அதை ஆதரிப்பவர் என் எதிரி என்று மன்னர் பிரபுக்களுக்குச் சொல்லி அனுப்பினார். மன்னரின் அந்தச் சொல்லைச் சுமந்து சென்றவர் அந்த மகனின் தாய்வழிக் குடும்பத்துக் கிரென்வில் உறவினர். தந்தையை மன்னர் விரும்பாதபோதும் நாடு அவர் மேல் திணித்தது. மகனை மக்கள் சபை விரும்பாதபோதும் மன்னர் அதன் மேல் திணித்தார். பிறகு நாடு யார் பக்கம் நின்றது, சீர்திருத்தம் கேட்ட அந்த மகன் ஆற்காட்டு நவாபின் கடன்காரர்களிடம் ஏன் பணிந்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)